28 நாள் ஆன்ட்டி: சிங்கப்பூரில் சீனப் பேறுகாலப் பணிப்பெண் சேவை எப்படி?

முடிவை முதலில் சொல்லிவிடலாம். தாயார் பக்கத்தில் இல்லாத, பத்தியம் சமைத்துப் போட ஆளில்லாத வீட்டுக்கு இந்தச் சேவை கொடுக்கிற காசுக்குத் தகும். வீட்டில் ஏற்கெனவே இரண்டு பாட்டிமார் இருந்து, பிள்ளை வளர்ப்பில் ஆளுக்கொரு சட்டம் வைத்திருந்தால், மூன்றாவதாக ஒரு சீன ஆன்ட்டியைக் கூட்டிவருவது காசு கொடுத்துச் சண்டை வாங்குகிற வேலை. இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் வீடுகளுக்குத்தான் கீழே உள்ள விவரம்.

சீனர்களிடம் பிள்ளை பெற்றவள் ஒரு மாதம் வீட்டோடு இருந்து உடம்பைத் தேற்றிக்கொள்வதற்கு ‘மாதம் உட்காருவது’ என்று பெயர். நம்முடைய பச்சை உடம்புக் கணக்குதான். அந்த மாதம் முழுக்க உடனிருந்து தாய்க்குச் சமைத்து, பிள்ளையைக் குளிப்பாட்டி, ராத்திரியில் எழுந்து பார்க்கிற பெண்ணைக் கான்டனீஸ் பேசுபவர்கள் ‘பூய் யூட்’ என்பார்கள். சிங்கப்பூரில் எல்லோரும் புழங்கும் பெயர் கன்ஃபைன்மெண்ட் நேனி. வீட்டுக்குள் வந்த பிறகு வெறும் ஆன்ட்டி. தங்கி வேலை பார்க்கும் ஆன்ட்டிகளில் பெரும்பாலோர் மலேசியச் சீனப் பெண்கள். ஈப்போ, பத்து பகாட், குளுவாங், மூவார் போன்ற ஊர்களிலிருந்து வருகிறவர்கள். ஐம்பதைத் தாண்டியவர்களே அதிகம். சொந்தப் பேரப்பிள்ளையை மகளிடமோ மருமகளிடமோ விட்டுவிட்டு, ஊரார் பிள்ளைக்குக் கண்விழிக்க வருகிறார்கள். ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு (டாலருக்கு) மூன்று மலேசிய ரிங்கிட்டுக்கு மேல் கிடைப்பதுதான் காரணம். அதற்கு வேறு பூச்சு தேவையில்லை.

கட்டணக் கணக்கைத் தெளிவாகப் பார்த்துவிடுவது நல்லது, ஏனென்றால் விளம்பரத்தில் போடும் தொகை பாதிக் கதைதான். 28 நாளுக்குப் பொதுவாக 3,000 முதல் 5,000 வெள்ளிக்குள் கேட்பார்கள். இரட்டைப் பிள்ளை என்றால் கூடும். சீனப் புத்தாண்டு நடுவில் வந்தால் தனியாக ஒரு தொகை ஏறும். இதற்கு வெளியே முகவர் கட்டணம், அரசாங்கத்துக்குக் கட்டும் மாதத் தீர்வை, மளிகை, மூலிகை, அவர் வந்துபோகிற செலவு ஆகியவை இருக்கின்றன. வந்த அன்று ஒன்றும் கிளம்புகிற அன்று ஒன்றுமாக இரண்டு அங்பாவ் (சிவப்பு உறையில் வைத்த அன்பளிப்புப் பணம்) கொடுப்பது வழக்கம். எழுத்தில் இருக்காது, ஆனால் எதிர்பார்ப்பார்கள். முகவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘இந்தத் தொகையில் ஆன்ட்டி கைக்கு எவ்வளவு போகும், எந்த நாளில் போகும்?’ என்பது. பதில் மழுப்பலாக வந்தால் வேறு முகவரைப் பார்க்கலாம். சம்பளத்தில் பெரும்பகுதி கடைசி நாளில்தான் கிடைக்கும் என்று இருக்கிற ஆன்ட்டி, எதையும் மறுத்துப் பேச மாட்டார். தூக்கமில்லை என்றும் சொல்ல மாட்டார். அதன் விலையைப் பிள்ளைதான் கொடுக்கும்.

அனுமதி விஷயத்தில் விளையாடக் கூடாது. மனிதவள அமைச்சு இந்த வேலைக்கென்றே தனி வேலை அனுமதி வைத்திருக்கிறது. மலேசியர்களுக்கு மட்டும், வயது 23 முதல் 70. பிள்ளை பிறந்த நாளிலிருந்து அதிகபட்சம் 16 வாரம். அனுமதியில் உள்ள முதலாளிக்கு, அந்த வீட்டில் மட்டும்தான் வேலை செய்யலாம். அக்காள் வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது, இரண்டு நாள் அங்கே போய் வாருங்கள் என்று அனுப்புவதும் விதிமீறல். சீனாவிலிருந்து வரும் பெண்களுக்கு இந்த அனுமதி கிடைக்காது. மலேசியர்கள் விசா இல்லாமலே உள்ளே வரலாம் என்பதால், ‘சுற்றுலாவாக வந்து பார்த்துவிட்டுப் போகிறார், தீர்வை மிச்சம்’ என்று சொல்லும் ஆட்களும் உண்டு. பிடிபட்டால் முதலாளிக்கு 5,000 முதல் 30,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆன்ட்டிக்கோ அதன்பின் சிங்கப்பூரில் பிழைப்பே போய்விடும். முகவருக்கு அமைச்சின் உரிமம் இருக்கிறதா என்று அமைச்சின் இணையப் பட்டியலில் பார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகாது.

பதிவை ஐந்தாறு மாதத்துக்கு முன்பே செய்துவிட வேண்டும். பிள்ளை தேதி பார்த்துப் பிறப்பதில்லை. இந்தச் சேவையில் முதல் கோளாறு அங்கேதான் வரும். இரண்டு வாரம் முந்திப் பிறந்தால், பேசிவைத்த ஆன்ட்டி இன்னொரு வீட்டில் இருப்பார். முகவர் மாற்று ஆளை அனுப்புவார். பிந்திப் பிறந்தால் ஆன்ட்டி சம்பளமில்லாமல் ஊரில் காத்திருப்பார், அடுத்த வீட்டுத் தேதியும் உதைக்கும். ஆகவே ஒப்பந்தத்தில் மூன்று விஷயம் வேண்டும். முந்திப் பிறந்தால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வரும். மாற்று ஆளைப் பிடிக்காவிட்டால் எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும். தாயோ பிள்ளையோ மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் அந்த நாள்கள் யார் கணக்கு. வேலை என்னென்ன என்பதையும் எழுதிக்கொள்ளலாம். தாய்க்குச் சமையல், தாய் பிள்ளை இருவரின் துணி, பிள்ளைப் பராமரிப்பு ஆகியவை வழக்கமான வேலை. தரை துடைப்பது, மூத்த பிள்ளையைப் பள்ளியில் விடுவது, பிள்ளை பார்க்க வரும் இருபது பேருக்குத் தேநீர் போடுவது எதுவும் இதில் சேராது. கணவருக்கும் சேர்த்துச் சமைக்கச் சிலர் சம்மதிப்பார்கள், கேட்டுக்கொள்ள வேண்டும். கக்குவான் இருமல், சளிக்காய்ச்சல் தடுப்பூசி போட்டாயிற்றா என்பதையும் இப்போதே கேட்டுவிடலாம். ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும்.

இனிச் சாப்பாடு. இந்தச் சேவையின் உயிரே இதுதான்.

ஆன்ட்டி வந்த முதல் நாளே அடுப்பில் ஏறுவது சிவப்புப் பேரீச்சைத் தண்ணீர். பத்துப் பன்னிரண்டு காய்ந்த சீனப் பேரீச்சைகளை (இலந்தை வகைப் பழம்) கீறிக் கொட்டை எடுத்து (கொட்டை சூடு என்பது அவர்கள் கணக்கு), ஒரு கைப்பிடி காய்ந்த லோங்கான் பழம், சில துண்டு டாங் ஷென் என்ற மூலிகை வேருடன் இரண்டு லிட்டர் தண்ணீரில் போட்டு, சிறு தீயில் ஒரு மணி நேரம். ஒன்றரை லிட்டராக வற்றியதும் பிளாஸ்க்கில் ஊற்றி வைத்துவிடுவார். பச்சைத் தண்ணீருக்குப் பதில் நாள் முழுக்க இதுதான். சர்க்கரை போடாமலே நல்ல இனிப்பாக இருக்கும். கர்ப்பகாலச் சர்க்கரை இருந்த தாய்மார்கள் லோங்கானைக் குறைக்கச் சொல்ல வேண்டும், கூடவே வெறும் வெந்நீரும் குடிக்க வேண்டும். பால் கொடுக்கிற உடம்புக்குத் தண்ணீர் போதாமல் போனால் மலச்சிக்கல் மூன்றாம் நாளே தெரியும்.

இஞ்சியைக் கையாளுகிற விதத்தில் நல்ல ஆன்ட்டி யார் என்று கண்டுபிடித்துவிடலாம். முற்றிய இஞ்சியைத் தோல் சீவி, தட்டி, எண்ணெய் விடாத வாணலியில் ஈரம் போய் ஓரம் பழுப்பாகும் வரை வறுப்பார். அதன் பிறகுதான் எள்ளெண்ணெய், அதுவும் சிறு தீயில். தீயைக் கூட்டினால் எண்ணெய் கசந்துவிடும். இங்கே நம் வீடுகளில் நடக்கும் தவறு ஒன்று உண்டு. அலமாரியில் இருக்கும் நல்லெண்ணெயை எடுத்துக் கொடுப்பது. சீன எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் ஆட்டியது, கருத்து மணக்கும். நல்லெண்ணெயில் செய்தால் கெட்டுப்போகாது, ஆனால் அந்தக் கோழியின் ருசியே வராது. ஆன்ட்டி வாய் திறந்து சொல்லவும் மாட்டார். இஞ்சி வாங்கும்போது பகாங்கில் விளையும் பெந்தோங் இஞ்சியைக் கேட்பார்கள். விலை கூடத்தான், காரமும் கூட. 28 நாளுக்கு மூன்று நாலு கிலோ இஞ்சி, எள்ளெண்ணெய் இரண்டு போத்தல், பேரீச்சை ஒன்றரைக் கிலோ, லோங்கான் அரைக் கிலோ, அரிசி ஒயின் நாலைந்து போத்தல் என்று வாங்கி வைத்தால் நடுவில் ஓட வேண்டியிருக்காது. சீன மருந்துக் கடைகளில் விற்கும் 28 நாள் பொட்டலத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டாம். பாதி அப்படியே கிடந்து பூச்சி பிடிக்கும்.

புளிக்காடியில் பன்றிக்கால் சமைப்பது கான்டனீஸ் வீட்டு வழக்கம். ஒரு கிலோ இஞ்சிக்கு ஒன்றரை லிட்டர் இனிப்புக் கறுப்புக் காடி, கூலா மலாக்கா (தென்னை வெல்லம்) கொஞ்சம், வெந்நீரில் ஒரு கொதி விட்டுக் கழுவிய கால். மண்சட்டியில் இரண்டு மணி நேரம். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது, புளிப்பு உலோகத்தை அரிக்கும். அவித்த முட்டைகளை உரித்து அதில் ஓர் இரவு ஊறப்போட்டால் மறுநாள் கறுத்து நிற்கும். பன்றி ஆகாத வீடுகளில் முட்டையும் இஞ்சியும் மட்டும் போட்டுச் செய்வார்கள். குழம்பின் சாரம் பாதிதான் இருக்கும் என்றாலும், பிள்ளை பெற்றவளுக்கு வாய் செத்துப்போயிருக்கும் இரண்டாம் வாரத்தில் அந்தப் புளிப்பு பெரிய ஆறுதல்.

சீனச் சாப்பாடு என்று ஒன்று கிடையாது என்பதை இந்த மாதம் நன்றாகக் காட்டிக்கொடுக்கும். ஹக்கா பேச்சுவழக்கு ஆன்ட்டி மஞ்சள் அரிசி ஒயினில் கோழி செய்வார், ஹொக்கியன் ஆன்ட்டி எள்ளெண்ணெய்க் கோழி, கான்டனீஸ் ஆன்ட்டி காடி. இதில் அதிகம் அடிபடுகிறவர்கள், சீனாவின் வடக்கிலிருந்து சிங்கப்பூருக்கு வந்து குடியேறி இங்கே பிள்ளை பெறும் பெண்கள். அவர்கள் ஊரில் மாதம் உட்காருவது என்றால் தினைக் கஞ்சியும் நாட்டுச் சர்க்கரையும் முட்டையும். வேலை அனுமதி விதியினால் இங்கே கிடைப்பதோ தெற்குச் சமையல் தெரிந்த மலேசிய ஆன்ட்டி. இருவரும் மாண்டரின் பேசுவார்கள், வெளியிலிருந்து பார்த்தால் தாயும் மகளும் மாதிரி இருப்பார்கள். ஆனால் சாப்பாட்டுத் தட்டு நடுவில் வந்ததும் இரண்டு தேசம். தாயார் வர முடியாத குறையைத் தீர்க்க அமர்த்திய ஆளே, தாயார் இங்கில்லை என்பதை வேளைக்கு வேளை நினைவூட்டுவதுபோல் ஆகிவிடும். இதைத் தவிர்க்க வழி எளிது. பதிவு செய்யும்போதே ஆன்ட்டி எந்தப் பேச்சுவழக்குக் குடும்பம் என்று கேட்டு, தொலைபேசியில் பத்து நிமிடம் சாப்பாட்டைப் பற்றி மட்டும் பேசிப் பார்க்க வேண்டும். பேசிவைத்துவிட்டால் எந்த ஆன்ட்டியும் தினைக் கஞ்சி காய்ச்சுவார்.

தமிழ் வீடுகளுக்கு இந்தச் சேவை நினைப்பதைவிட நன்றாகவே பொருந்தும். இஞ்சி, எள், பூண்டு, மீன், வெந்நீர், காற்றுப் படாமல் காப்பது எல்லாம் நமக்கும் தெரிந்தவைதான். மலேசிய ஆன்ட்டிகளில் வயதானவர்களுக்குப் பாசார் மலாய் (சந்தையில் புழங்கும் எளிய மலாய்) வரும். நம் பாட்டிமார்களுக்கும் வரும். சூசு (பால்), மண்டி (குளியல்), திடோர் (தூக்கம்) என்று பாதி நாள் ஓடிவிடும். அவர் அங்கின் (காற்று) என்றால் நாம் வாயு என்று புரிந்துகொள்ள வேண்டியதுதான், இரண்டும் ஒரே பயம். பப்பாளிக் காயை மீனோடு போட்டுச் சூப் வைக்கும்போது மாமியார் அலறுவார். கர்ப்பத்தில் விலக்குவதைப் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிறார்களே என்று. பால் ஊற அவர்கள் கொடுக்கும் முதல் பண்டம் அதுதான். குராவ் மீனும் விராலும் ஆன்ட்டிக்கும் பிடிக்கும், நமக்கும் பிடிக்கும்.

ஒன்றை மட்டும் செய்யக் கூடாது. ஊரிலிருந்து வந்த பிரசவ லேகியத்தையும் சீன மூலிகைக் கஷாயத்தையும் சேர்த்து ஓட்டுவது. இரண்டுமே சூட்டுப் பண்டம், இரண்டும் அளவு பார்த்துச் சேர்த்தவை, ஒன்றின் அளவு இன்னொன்றுக்குத் தெரியாது. பிரசவித்த சில நாளில் ஆன்ட்டி காய்ச்ச விரும்பும் ஷெங் ஹுவா கஷாயத்தில் டாங் குய் வேர் இருக்கிறது, ரத்தப்போக்கைக் கூட்டக்கூடியது. அறுவை சிகிச்சைப் பிரசவம், ரத்தம் உறையாமைக்கு ஊசி போட்டுக்கொள்பவர் என்றால் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. ஒயின் சேர்த்த சமையலும் முதல் பத்து நாளுக்கு வேண்டாம். அனுபவமுள்ள ஆன்ட்டியே தள்ளித்தான் வைப்பார். கொதித்தால் சாராயம் முழுக்கப் போய்விடும் என்பது உண்மை இல்லை, கொஞ்சம் தங்கும். பால் கொடுப்பவர்கள் அதையும் கணக்கில் கொள்ள வேண்டும். சைவக் குடும்பமென்றால் முன்கூட்டியே சொல்லி, கறுப்பு அவரை, வேர்க்கடலை, டௌஃபு, காளான், கறுப்புக் காளான் வைத்து ஒரு வாரப் பட்டியல் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். போட முடியாதவரை அமர்த்தினால், 28 நாளும் இஞ்சிச் சோறும் டௌஃபுவும்தான்.

பிள்ளைப் பராமரிப்பில் கைத்திறன் குறை சொல்ல முடியாதது. குளிப்பாட்டும்போது இடது உள்ளங்கையில் பிள்ளையின் பிடரியைத் தாங்கி, அதே கையின் கட்டைவிரலாலும் நடுவிரலாலும் இரண்டு காது மடலையும் மெல்ல மடித்துப் பிடித்துக்கொண்டு, வலது கையால் தலையில் தண்ணீர் விடுவார். காதுக்குள் ஒரு சொட்டுப் போகாது. தண்ணீர் 37, 38 டிகிரி. முழங்கையை விட்டுப் பார்ப்பார், வெப்பமானி தேட மாட்டார். ஐந்தே நிமிடம். அழத் தொடங்குமுன் துவாலைக்குள் வந்துவிடும். இதை முதல் வாரத்திலேயே அப்பா பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள வேண்டும். கட்டணத்தில் பாதி இந்தப் பயிற்சிக்குத்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

ராத்திரிதான் சிக்கல். ஆன்ட்டிக்கு அடுத்த வேலை கிடைப்பது போன வீட்டுப் பேச்சில். அந்தப் பேச்சில் எடுபடும் ஒரே சான்று, மாத முடிவில் பிள்ளை எவ்வளவு கொழுகொழு என்று இருக்கிறது என்பது. அதனால் தாயை எழுப்பாமல் தானே போத்தலில் மாவுப்பால் கலந்து கொடுத்துவிடுவார். தாய் நன்றாகத் தூங்குவாள், பிள்ளை நன்றாக எடை போடும், எல்லோருக்கும் மகிழ்ச்சி. பத்தாம் நாள் மார் கட்டி, காய்ச்சல் வந்து, பால் வற்றத் தொடங்கும்போதுதான் காரணம் தெரியும். மார்பகம் வெறுமையானால்தான் மறுபடி ஊறும். இரவில் ஆறேழு மணி நேரம் சும்மா விட்டால் உடம்பு தேவை குறைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளும். தாய்ப்பால்தான் கொடுக்கப்போகிறோம் என்றால் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்: இரவிலும் பிள்ளையைக் கொண்டுவந்து தர வேண்டும், பால் குடித்ததும் எடுத்துப்போய் ஏப்பம் விடவைத்துத் தூங்கவைப்பது உங்கள் பொறுப்பு. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். மணி, எந்தப் பக்கம் அல்லது எத்தனை மில்லி, ஈர டயபர், மலம் என நாலு கோடு. ஐந்தாம் நாளுக்குப் பிறகு நாளொன்றுக்கு ஆறு ஈர டயபராவது இருந்தால் பால் போதுகிறது என்று அர்த்தம். பிறந்த எடை முதல் நாள்களில் கொஞ்சம் குறைவதும் இரண்டு வாரத்தில் திரும்புவதும் இயல்பு. இதை முதலிலேயே பேசிவைத்தால் ஆன்ட்டியின் பதற்றம் பாதி குறையும். மாவுப்பால் கொடுக்கிறவர்கள் தண்ணீர் 70 டிகிரிக்குக் குறையாமல் இருக்கும்போது மாவைக் கலக்கி, பிறகு ஆறவைக்கச் சொல்ல வேண்டும். பிளாஸ்க்கில் ஆறிப்போன நீரில் கலப்பது பரவலான குறுக்குவழி.

முன்கூட்டிச் சொல்லித் தடுக்க வேண்டியவை இன்னும் சில உண்டு. பிள்ளை திடுக்கிடாமல் இருக்கப் பச்சைப்பயற்றுத் தோல் அடைத்த சிறு தலையணையை நெஞ்சின்மேல் வைப்பது பழைய பழக்கம். மூச்சுத் திணறலுக்கு வழி, கூடவே கூடாது. மல்லாக்கப் படுக்கவைத்து, தொட்டிலில் வேறெதுவும் இல்லாமல் விட வேண்டும். காமாலைக்குத் தண்ணீரோ குளுக்கோஸ் தண்ணீரோ கொடுக்க நினைப்பார். வேண்டாம், ஆறு மாதம் வரை பால் மட்டும். காலை வெயிலில் காட்டுவது நம்மவர்களும் செய்கிற வைத்தியம்தான், ஆனால் அதை நம்பி ரத்தச் சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. ஜி6பிடி (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் நொதி) குறைபாடு இருக்கிறதா என்று சிங்கப்பூர் மருத்துவமனைகள் தொப்புள்கொடி ரத்தத்திலேயே பார்த்துவிடும். இருக்கிறது என்று வந்தால் பெட்டியில் அந்துருண்டை போட்டு வைத்திருந்த பழைய துணியைப் பிள்ளைக்குப் போடக் கூடாது. ஹுவாங் லியான் என்ற கசப்பு மூலிகையும் கூடாது. அந்த மூலிகையில் உள்ள பெர்பரின் என்ற வேதிப்பொருளைச் சிங்கப்பூர் 1978-ல் தடை செய்தது, பிறந்த பிள்ளைகளுக்குக் காமாலை முற்றியதனால்தான். 2013-ல் மூலிகைக்கான தடை நீங்கியது, ஆனால் ஜி6பிடி குறைபாடுள்ள பிள்ளைக்கு ஆபத்து நீங்கவில்லை. சோதனை முடிவு வந்ததும் அது உள்ள அட்டையை ஆன்ட்டி கண்ணில் படும்படி குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவிடுங்கள்.

தலைக்குக் குளிக்கக் கூடாது என்பதில் பெரும்பாலான ஆன்ட்டிகள் இப்போது விட்டுக்கொடுக்கிறார்கள். மூலிகை போட்டுக் காய்ச்சிய வெந்நீரில் குளிக்கச் சொல்வார்கள். தையல் உள்ளவர்கள் அந்த நீரில் உட்காராமல் ஊற்றிக்கொள்வதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இதுவரை வீட்டுக்காரர் பக்கத்துக் கணக்கு. ஆன்ட்டி பக்கத்துக் கணக்கைப் பார்க்காமல் இந்தச் சேவையை மதிப்பிட முடியாது. பிறந்த பிள்ளை இரண்டு மூன்று மணிக்கொரு தரம் எழும். பகலில் ஐந்து வேளைச் சாப்பாடு, துணி, குளியல். இடையில் கிடைக்கிற துண்டுத் தூக்கத்தில் 28 நாள் ஓடுகிறது, வழக்கத்தில் விடுமுறை நாளே கிடையாது. அறுபது வயதுப் பெண் ஒருவர் இப்படி நடுவில் சில நாள் இடைவெளியுடன் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறார். மூன்றாம் வாரத்தில் உப்பு மாறுகிறது, பாலின் அளவு மறக்கிறது, பிள்ளை பெற்றவள்மேல் எரிந்துவிழுகிறார் என்று புகார் வரும். முகவர்களிடம் போகும் புகார்களின் வேரைத் தோண்டினால் பெரும்பாலும் தூக்கமின்மைதான் கிடைக்கும். மதியம் இரண்டு முதல் நாலு வரை கதவைச் சாத்திக்கொண்டு அவர் தூங்க வேண்டும், அப்போது பிள்ளை யார் கையில் என்பதை முதல் நாளே முடிவு செய்யுங்கள். படுக்க மெத்தை வேண்டும், சோபா போதாது.

சாப்பாடும் அப்படித்தான். தாய்க்குப் பார்த்துப் பார்த்துச் சமைத்துவிட்டு மீந்ததை நின்றுகொண்டே சாப்பிடுகிறவர்கள் அதிகம். மாடும் பன்றியும் ஆகாத வீட்டில் அவருக்கு என்ன வாங்கி வைப்பது என்று கேட்டுக்கொள்வதில் ஒன்றும் குறைந்துவிடாது. கடவுச்சீட்டை வாங்கிப் பூட்டி வைக்கக் கூடாது. கேமரா வைப்பதென்றால் சொல்லிவிட்டு வைக்க வேண்டும். பிள்ளை தூங்கும் அறைதான் பல வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் ஆன்ட்டி தூங்கும் அறையும். அங்கே கேமராவைத் தொட்டிலை மட்டும் பார்க்கும்படி திருப்பி, அவர் உடை மாற்ற மறைவிடம் விட வேண்டும்.

சிங்கப்பூர் வீடுகளுக்குள் சீனப் பெண்கள் வேலைக்கு வந்தது இன்று நேற்றல்ல. 1930-லிருந்து சட்டம் சீன ஆண் தொழிலாளர்களின் வருகைக்கு உச்சவரம்பு போட்டது. 1938 வரை பெண்களுக்கு வரம்பு இல்லை. அந்த இடைவெளியில் தென்சீனாவின் குவாங்டோங்கிலிருந்து பெருங்கூட்டமாகப் பெண்கள் வந்தார்கள். சான்ஷுயி பக்கத்துப் பெண்கள் சிவப்புத் தலைத்துணி கட்டிக் கட்டட வேலைக்குப் போனார்கள். பட்டுத் தொழில் படுத்துப்போன ஷுண்டேவிலிருந்து வந்த மாஜேக்கள் (சீன வீட்டுப் பணிப்பெண்கள்) வெள்ளைச் சட்டை, கறுப்புக் காற்சட்டை, நீண்ட பின்னலோடு வீட்டு வேலைக்கு வந்தார்கள். பலர் திருமணமே வேண்டாம் என்று கொண்டை முடிந்து உறுதி எடுத்தவர்கள். ஒரே வீட்டில் இரண்டு தலைமுறைப் பிள்ளைகளை வளர்த்த மாஜேக்கள் உண்டு. சேர்ந்து வாடகைக்கு எடுத்த ஓர் அறையாவது அவர்களுக்குச் சிங்கப்பூரில் இருந்தது. இன்றைய ஆன்ட்டிக்கு அதுவும் இல்லை. அனுமதி ஒரு முகவரிக்கு. அது முடிந்தால் ஜோகூர் பாலத்தைத் தாண்டி மலேசியாவில் உள்ள ஊருக்கு, அடுத்த பிள்ளை பிறந்தால் மறுபடி இங்கே. அந்தப் பிள்ளைகள் பேசத் தொடங்கும்போது அவரை அறிந்திருக்காது.

மாற்று வழிகளைச் சுருக்கமாகச் சொன்னால், பகலில் மட்டும் வரும் உள்ளூர் ஆன்ட்டிகள் உண்டு. இரவைப் பெற்றோரே பார்த்துக்கொள்ள முடிந்தால் அது நல்ல தேர்வு, வேலை அனுமதித் தொல்லையும் இல்லை. வீட்டுக்கு வந்து இறங்கும் டிங்காட் (அடுக்குப் பாத்திர) பத்தியச் சாப்பாடு ருசியில் பரவாயில்லை, இரண்டாம் வாரத்தில் அலுத்துவிடும். ஜோகூர் பக்கம் போய்ப் பேறுகால நிலையத்தில் தங்குவது, பிறந்த பிள்ளைக்குக் கடவுச்சீட்டு எடுத்துப் பாலம் தாண்டத் துணிந்தவர்களுக்கு.

தங்கும் ஆன்ட்டியையே எடுத்தவர்கள் 25-ஆம் நாளிலிருந்து பொறுப்பை மாற்றத் தொடங்க வேண்டும். குளியலை அப்பா செய்யட்டும், ஆன்ட்டி கைகட்டி நின்று பார்க்கட்டும். ராத்திரி ஒரு வேளையை அம்மாவே தனியாகச் சமாளித்துப் பார்க்கட்டும். இன்னும் ஒரு வாரம் இருங்கள் என்று கடைசி நாளில் கெஞ்சுவதில் பயனில்லை; அனுமதி 16 வாரம்வரை இடம் கொடுத்தாலும் அடுத்த வீட்டில் பிள்ளை பிறந்திருக்கும். முழுமாத நிறைவுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றிய முட்டைகளை அவரே அவித்துத் தருவார், கேட்டால் ஐம்பது நூறு என்றாலும். மீதிச் சம்பளத்தைக் கிளம்புகிற நாள் காலையிலேயே கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, வேலை அனுமதியை ரத்து செய்ய வேண்டிய வேலையையும் அன்றே முடியுங்கள். கிளம்பும் நாள் வெள்ளிக்கிழமையாக அமைந்தால் மதியத்துக்கு முன் அனுப்பிவிடுங்கள். மாலையில் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வரிசையில் பையும் காலிக் காடி ஜாடியுமாக மூன்று மணி நேரம் நிற்க வேண்டிவரும், மறுநாள் இன்னொரு வீட்டில் அவருக்கு ராத்திரி வேலை.